கல்லும் கப்பல் அரிசியும்

அபகாலிகி ஊர்ச் சந்தையில் உஜுவின் அம்மா விற்கும் அரிசியை இந்த வருஷம் யாரும் சீண்டவில்லை. எதிர்க்கடையில் வெளிநாட்டிலிருந்து வந்த கப்பல் அரிசி மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. கச்சா எண்ணெய் விற்ற பணம் நாட்டில் புரண்டால் போதும், பெரிய மனிதர்கள் கப்பலை வரவழைத்துவிடுவார்கள். வயலில் இருப்பவன் என்ன ஆனான் என்று எட்டிப்பார்க்க மாட்டார்கள். பார்ப்பார்கள் என்று நீங்களும் நம்ப வேண்டாம்.

"இதான் கடைசி அறுவடை," என்றாள் அம்மா. "வயலை வித்துட்டு, துறைமுகத்துப் பக்கம் போய்ப் பாத்திரம் தேய்க்கலாம்."

உஜு நேராகச் சோற்றுக்கடை இஃபியோமாவிடம் போனாள். அவர் வாங்கினால் சந்தையே வாங்கும்.

"அத்தை, எங்க அரிசி ஏன் வேண்டாம்?"

இஃபியோமா வாயைத் திறந்து காட்டினார். ஓரத்துப் பல் பாதிதான் இருந்தது. "உங்க அரிசி செஞ்ச வேலை. ருசிக்கும் குறைவில்ல, கல்லுக்கும் குறைவில்ல."

திரும்பும் வழியில் உஜு நின்றுவிட்டாள். அவித்த நெல்லை ஊரே தார்ச்சாலை ஓரத்தில் கொட்டிக் காயவைத்திருந்தது. லாரி போகும்போதெல்லாம் பொடிக்கல் நெல்லுக்குள் தெறித்தது. தினமும் எல்லோரும் பார்க்கிற காட்சிதான்.

கப்பல் அரிசி விற்கும் ஒக்கோரியிடம் போய் நின்றாள்.

"மாமா, காலிச் சாக்கு தருவீங்களா?"

"எதுக்கு, அழுது கண்ணைத் துடைக்கவா?"

"எங்க நெல்லுக்குப் பாய் தைக்க."

அவர் சிரித்தார். "தூக்கிட்டுப் போ. கடையில எலியாவது குறையும்."

கோணி ஊசியால் தைத்துத் தைத்து உஜுவின் விரலெல்லாம் புண். "பள்ளிக்கூடத்துல இதான் சொல்லித் தர்றாங்களா?" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சாலையை விட்டுத் தள்ளி, வீட்டுக்குப் பின்னால் விரித்தார்கள். பள்ளி விட்டதும் உஜு கம்போடு காவல். ஊர் ஆடுகளுக்கு அவளைப் பிடிக்காமல் போனது.

நெல் காய்ந்து, அரைத்து வந்ததும் சோறு வடித்துச் சட்டியோடு கடைக்குப் போனாள்.

"திரும்பவுமா? மிச்சப் பல்லையும் வாங்கிட்டுப் போக வந்தியா?" என்றார் இஃபியோமா.

"முதல்ல நானே திங்கறேன் அத்தை. கல் இருந்தா என் பல்லு போகட்டும்."

கடை வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக மென்றாள். சாப்பிட வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. சட்டி பாதியானதும் இஃபியோமாவே கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். இன்னொரு பிடி. அப்புறம் சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருக்கிற அரிசியெல்லாம் எனக்கு. அடுத்த அறுவடையும் இப்படியே வரணும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு."

உஜு ஓடிப்போய்ச் சொன்னாள். அம்மா மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பு வெட்ட வயலுக்குக் கிளம்பினாள்.