ஜூன் பத்து வரை பொறு

ஃபோன் அடித்தது.

காலை ஆறு நாற்பது. ஷெரீஃப் ஆபீஸிலிருந்து டெபுடி லுண்ட்.

"மார்லிஸ்... முதல்ல உக்காருங்க."

நின்றுகொண்டே கேட்டேன்.

என் தம்பி கார்டியின் பிக்கப் வண்டி ஏரிக்குள் கிடந்தது. ஐஸ் உடைந்திருக்கிறது. உள்ளே கார்டி.

மார்ச் இருபத்து மூன்று. அந்த வாரத்தில் எங்கள் மின்னசோட்டாவில் ஏரி ஐஸ் இளகத் தொடங்கிவிடும், மேலே நடக்கவே யோசிப்பார்கள். குளிர்காலத்தில் ஐஸ் மேல் போட்டு மீன் பிடிக்கிற குடிசைகளைக்கூட இழுத்துக் கரையேற்றி ஆயிற்று.

வண்டியோடு அவனுக்கு அங்கே என்ன வேலை?

மதியம் லுண்ட் வந்தார். காபி வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார்.

"ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்கு. பெல்ட் போடல. ஐஸ் மேல ஓட்டறவன் குதிச்சுத் தப்பிக்க அப்படித்தான் ஓட்டுவான். ஸோ, அவன் சாகப் போகல..."

"பின்ன?"

"வண்டியை முழுகடிச்சிட்டுத் திருடு போச்சுன்னு சொல்லப் போயிருக்கலாம். இன்ஷூரன்ஸுக்கு."

"கார்டி அப்படிப்பட்டவன் இல்ல."

"சம்பளத்துல கால்வாசியைக் கோர்ட்ல பிடிச்சிட்டிருந்தாங்க. யாரும் அப்படிப்பட்டவனாயிடுவான், மார்லிஸ்."

ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார். கார்டியின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டு.

'ஜூன் 10. அதுவரை பொறு.'

"யார் எழுதினது?"

"நான்தான்."

திவால் வக்கீல் மிஸஸ் பெட்ரிச்சிடம் பத்தொன்பது வருஷமாக டைப் அடிக்கிறேன். ஜனவரியில் கார்டி வந்து கேட்டான்.

"அக்கா, மறுபடி மஞ்சக் கடுதாசி குடுக்கலாமா? பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி உண்டா?"

எட்டு வருஷம் ஆகவேண்டும், போன தடவை ஜட்ஜ் கடனை ரத்து செய்த நாளிலிருந்து எண்ணவேண்டும் என்றேன். ஜூன் பத்து. சீட்டில் எழுதியும் கொடுத்தேன்.

இதைச் சொன்னதும் லுண்ட் காபியைக் கீழே வைத்தார்.

"நானும் ரெண்டு தடவை மஞ்சக் கடுதாசி குடுத்தவன். முதல்ல விவாகரத்து, அப்புறம் ஒரு படகு. எட்டு வருஷத்தை மனு போட்ட தேதியிலருந்து எண்ணணும். கார்டி போன தடவை போட்டது பிப்ரவரி ரெண்டு. ஏழு வாரம் முன்னாடியே அவன் மறுபடி போட்டிருக்கலாம்."

"தப்பா எண்ணிட்டேன்..."

"ஆகறதுதான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். விபத்து என்று எழுதினார்.

நான் தப்பாக எண்ணவில்லை.

அந்த பிக்கப் கடனுக்கு ஜாமீன் நான். ஒருமுறை திவாலானவனுக்கு அக்கா கையெழுத்து இல்லாமல் யார் கடன் தருவார்கள்? அவன் மனு போட்டால் கடன்காரன் நேராக என் வாசலுக்கு வருவான். வீடு வாங்க நான் கேட்டிருந்த கடன் மே மாதம் கைக்கு வரவிருந்தது; இது தெரிந்தால் நின்றுவிடும். ஜூன் வரை அவன் சும்மா இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச். மிஸஸ் பெட்ரிச் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? எட்டு வருஷம் எதுக்கு? நாலு வருஷம் தாண்டினாலே தவணைத் திட்டத்துல போட்டிருக்கலாமே. சொந்த உபயோக வண்டிதானே... தவணை ஒழுங்கா ஓடற வரைக்கும் ஜாமீன் போட்டவங்களைக்கூடத் தொட முடியாது."

அந்த மனுக்களை டைப் அடிப்பது பக்கத்து மேஜைப் பெண். எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் நான் ஜாமீன் என்பது வெளியே வந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

தட்டைக் கீழே வைக்க இடம் தேடினேன்.

ஏப்ரலில் இன்ஷூரன்ஸ் பணம் வந்து வண்டிக் கடன் அடைந்தது. மே மாதம் வீடும் கிடைத்தது. புதுச் சமையலறையில் தனியாக நின்றபோதுதான், அதுவரை திறக்கத் துணியாத அந்தக் குரல் செய்தியைப் போட்டேன். அன்று காலை ஐந்து மணிக்குக் கார்டி கூப்பிட்டிருந்தான். அவன் பெயரைப் பார்த்தும் நான் எடுக்கவில்லை.

"அக்கா, தூங்கறியா? ஜூன் வரைக்கும் தாங்காது போலிருக்கு. மனு போட்டா வண்டிக் கடன் உன் தலையில விழும், அதான் முதல்ல உன் பேரைக் கழட்டி விட்டுடறேன். எப்படின்னு கேக்காதே. ஈஸ்டருக்கு உருளைக்கிழங்கு சாலட் பண்ணு, வந்துடறேன்."

லுண்டிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விபத்து மோசடியாகிவிடும்.

ஒருமுறை கேட்டுவிட்ட குரல் செய்தி இருபத்தோரு நாள்தான் இருக்குமாம். மறுபடி சேமிக்காவிட்டால் அழிந்துவிடும்.

ஆறு வருஷமாகச் சேமிக்கிறேன். இந்தத் தேதியை மட்டும் சரியாக எண்ணிவிடுகிறேன்.