எவாப்பரேட்டரின் வயது

ஆம்பூர் தோல் ஆலை முதலாளி முனீர் அகமது பள்ளிகொண்டாவுக்கு வந்ததே ஒரு பெண்ணைத் திருடி என்று அங்கிருக்கும் வஹீதாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு போகத்தான். வஹீதா முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக ஆலை ஆலையாக ஏறி இறங்கியவர். பொய்யை முகத்தில் தேடாமல் இரும்பில் தேடுவார். அவர் கணவர் ஜான் பாஷாவோ வழக்கு என்றாலே சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நிற்பவர்.

"கழிவுநீரைக் காய்ச்சற எவாப்பரேட்டர் ஓட்டையாய்டுச்சு மேடம். அதே மாதிரி புதுசுக்கு எங்க இன்ஜினீயர் தமிழினி அறுபத்தெட்டு லட்சம்னு எஸ்டிமேட் போட்டுச்சு. பழசு 2012ல வாங்கினது, நாப்பது லட்சம். விலைக் குறியீட்டு எண்ணை வெச்சுக் கணக்குப் போட்டா அம்பத்தஞ்சுதான் வருது. மீதி பதிமூணு லட்சம் கமிஷன், வேற இன்னா? அந்த 2012 பில்லை மேஜையில போட்டு, கடன் குடுக்கற பேங்க் மேனேஜர் முன்னாலயே திருடின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அதுக்கு அந்தப் பொண்ணு?"

"ஒண்ணுமே சொல்லல. பில்லைப் பார்த்துச்சு, மேனேஜரைப் பார்த்துச்சு, பையை எடுத்துக்கினு சொந்த ஊருக்கு, ஒடுகத்தூர் பஸ் ஏறிடுச்சு. இனிமே எந்த ஆலையும் அதுக்கு வேலை தராது."

இதைச் சொல்லும்போது முதலாளியின் குரலில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

"தப்பு பண்ணவங்கதான் வாயைத் திறக்க மாட்டாங்க" என்று ஜான் பாஷா தீர்ப்பே எழுதிவிட்டார்.

மறுநாள் ஆலைக்குப் போனார்கள். எவாப்பரேட்டரின் வயிற்றில் ஒரு பெயர்த்தகடு, அதன் மேல் தடிமனாகப் பச்சைப் பெயிண்ட். ஒரு மூலையில் மட்டும் யாரோ நாணயத்தால் சுரண்டியிருந்தார்கள்.

"போறப்ப மெஷினையும் கீறிட்டுப் போயிருக்கு, பாரு!" என்றார் ஜான் பாஷா.

வஹீதா குனிந்து படித்தார். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து பில்லைக் கேட்டு வாங்கினார்.

"பாய், இதுல தேதி 2012. ஆனா உங்க விலாசம் திருப்பத்தூர் மாவட்டம்னு இருக்கு. அந்த மாவட்டம் 2019லதானே வந்துச்சு? 2012ல ஆம்பூர் வேலூர் மாவட்டமாச்சே."

முனீர் அகமது பில்லைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார்.

"இரும்பு, கூலி எல்லாம் சேர்ந்து இந்த மாதிரிக் கருவிங்களோட விலை எவ்வளவு ஏறிச்சுன்னு காட்டறதுதான் அந்தக் குறியீட்டு எண். 2012ல சுமார் 585, இப்ப 800. நாப்பதை 800ஆல பெருக்கி 585ஆல வகுத்தா நீங்க சொன்ன அம்பத்தஞ்சு வரும். கணக்கு சரி, வருஷம் தப்பு. தகட்டுல சுரண்டின இடத்துல இருக்கறது 2005. அப்ப எண் 468. இவரே போட்டுப் பார்க்கட்டும்."

ஜான் பாஷா செல்போனில் தட்டினார். அவர் முகம் தொங்கிப் போயிற்று.

"அறுபத்தெட்டு" என்றார்.

"விலையை உங்ககிட்ட கேட்டுச்சு, வருஷத்தை மெஷின்கிட்ட கேட்டுச்சு. அவ்வளவுதான் அது பண்ண தப்பு."

முதலாளி தரையைப் பார்த்தபடி பேசினார். "2020ல ஒரு கடன் கேட்டேன். மெஷின் ரொம்பப் பழசுன்னு பேங்க்ல தயங்கினாங்க. வித்தவரைப் புடிச்சு, விலையை மாத்தாம தேதியை மட்டும் மாத்தி ஒரு பில் வாங்கினேன். அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாய்டுச்சு."

"பில்லைப் பார்த்ததும் அதுக்குப் புரிஞ்சுபோச்சு. தகட்டைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கும். பக்கத்துல மேனேஜர் இருந்தாரே, நீங்க மாட்டியிருப்பீங்க."

முனீர் அகமதுவுக்குக் காதெல்லாம் சுட்டது. மகள் வயதுப் பெண்ணிடம் இப்படிக் கடன்பட்டு நிற்பதை நினைக்க அவமானமாக இருந்தது. எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, செல்போனை மேஜையில் வைத்தார்.

"தமிழினி, நான்தாம்மா, முனீர். எவாப்பரேட்டர் விஷயமா..."

மறுமுனையில் அவள் தணிந்த குரலில் கேட்டாள்:

"சார், பக்கத்துல பேங்க் சார் இருக்காரா? இருந்தா அப்புறம் பேசறேன்."

ஜான் பாஷா எழுந்து வெளியே போய்விட்டார். முனீர் அகமது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார் கடைசியில். "நாளைக்கு அவரை வரச் சொல்றேன். நீயும் வா. அவர் முன்னாலதானே சொன்னேன், அவர் முன்னாலயே எல்லாத்தையும் சொல்லிடறேன்."