துடைக்காத படம்

மாடிப்படிக் காட்சியில், படியின் அடியில், இடது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி வந்து போனது. அவள் பொருட்படுத்தவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் தூசி இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் சரியாக ஒரு நொடி கழித்து அதே மூலையில் அது மறுபடி வந்தது. தூசிக்கு நேரம் பார்க்கத் தெரியாது.

பழைய படங்களை டிஸ்க்காகப் போடும் கம்பெனியில், டிஸ்க் அச்சடிக்கும் ஆலைக்குப் போகுமுன் படத்தைப் பார்த்துச் சரி சொல்லும் வேலை அவளுடையது. இதே படத்தை மூன்று வருடம் முன்பு வெளியிட்டுக் கம்பெனி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஃபிலிமுக்கே உரிய, திரையில் ஊரும் பொடிமணியையெல்லாம் (கிரெயின்) வழித்தெடுத்து, கதாநாயகியை மெழுகுப் பொம்மையாக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கிழி கிழியென்று கிழித்தார்கள். அந்த வேலையைச் செய்த பெரியவருக்கு 'மெழுகு' என்றே பெயர் வைத்தார்கள். அவர் வாயே திறக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இந்த முறை ஒரு துளிகூடத் துடைக்காமல் தருவேன் என்று ரசிகர்களுக்கு அவள் எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். மேனேஜரிடம் மல்லுக்கு நின்று, தூசி துடைக்கும் கருவியை அணைத்தும் வைத்திருந்தாள். நொடிக்கு இருபத்துநான்கு ஃபிரேம். முன்னதிலும் பின்னதிலும் இல்லாமல் ஒன்றில் மட்டும் இருக்கும் எதையும் தூசி என்று அழித்துவிடும் கருவி அது; ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும் பொடிமணியும் கூடவே போய்விடும். வாக்குத் தவறினால் ராஜினாமா என்றும் சொல்லியாயிற்று. மூன்று மணிக்குள் படம் ஆலைக்குப் போக வேண்டும்.

புள்ளி விழுந்த ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி வரிசையாக வைத்தாள். அது புள்ளியே இல்லை. ஓர் ஆள். அடுத்ததில் ஒரு படி மேலே. அடுத்ததில் இன்னொரு படி. கதாநாயகியை நோக்கி அல்ல, கேமராவை நோக்கி.

ஜன்னலில்லாத அந்த அறையில், நாலு பக்கமும் கறுப்புத் துணி தொங்க, சூடேறிய மெஷின் வாசனைக்குள் இன்னொன்று மெல்லக் கலந்தது. வினிகர் போல் ஒரு புளிப்பு. கெட்டுப்போன ஃபிலிம் அப்படித்தான் நாறும். ஆனால் சுருள்கள் இந்தக் கட்டடத்திலேயே இல்லை.

மெழுகுக்குப் போன் போட்டாள்.

"மாடிப்படியப் பாத்துட்டியாம்மா?" என்றார், அவள் பேசுமுன்.

"மூணு வருஷமா திட்டு வாங்கிட்டு ஏன் சார் சும்மா இருந்தீங்க?"

"சொன்னா, எல்லாரும் போய்ப் பாப்பாங்களேம்மா." அவர் குரல் தேய்ந்திருந்தது. "மெஷின ஆன் பண்ணு. மூஞ்சி மெழுகாப் போனாப் போகட்டும்."

அவளுக்குக் கோபம் வந்தது. செய்த சொதப்பலுக்கு இப்படி ஒரு பூச்சு பூசுகிறாரே மனிதர் என்று நினைத்தாள். நினைத்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"படத்துல இருக்கறதெல்லாம் படம்தான் சார். நான் துடைக்க மாட்டேன்."

போனை வைத்தாள். படத்தை ஆலைக்கு அனுப்பினாள்.

அந்த ஆளின் முகத்தை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடலாம் என்று காட்சியைத் திரும்ப ஓட்டினாள். படி காலியாக இருந்தது. ஃபிரேம் ஃபிரேமாகத் தேடினாள். எதிலும் இல்லை.

புளிப்பு வாசனை இப்போது முதுகுப் பக்கமிருந்து வந்தது.

விளக்கைப் போட்டாள். நாற்காலியைத் திருப்பினாள்.

கறுப்புத் துணியருகே ஓர் ஆள். மறுகணம் இல்லை.

ஒரு நொடி.

துணிக்கு இப்பால். இல்லை.

ஒரு நொடி.

மேசை விளிம்பு.

கருவியின் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"துடைக்க மாட்டேன்," என்றாள், உரக்க.

ஒரு நொடி.

ஒரு சாண் தூரத்தில் அந்த முகம். பளிச்சென்ற வெளிச்சத்திலும் கறுப்பு வெள்ளையாக. தோல் முழுக்கப் பொடிமணிகள் ஊர்ந்துகொண்டிருந்தன, ஒன்றுகூடக் குறையாமல்.

இந்த முறை அது மறையவில்லை.