கபூத் கணவாயில் கேட்ட குரல்

அந்த ஆண்டின் கடைசி மலையேறிகள் செப்டம்பர் நடுவில் வந்து சேர்ந்தார்கள். மாரெக், ஹான்யா என்ற போலந்துத் தம்பதி. தஜிகிஸ்தானில் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகி, இப்போதுதான் அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளிநாட்டார் மறுபடி வரத் தொடங்கியிருந்தார்கள். மௌஜூதா தன் வீட்டில் இரண்டு அறைகளை அவர்களுக்காக ஒழித்து வைத்திருந்தாள். வழிகாட்டி, அவள் கணவனின் தம்பி ஷோதி.

காலையில் கிளம்பும்போது வாக்கி-டாக்கியை அவன் கையில் திணித்தாள்.

"மணிக்கொரு தடவை பேசு. போன தடவை மாதிரி அணைச்சு வச்சுட்டு பேட்டரி தீந்துபோச்சுன்னு கதை விடாத."

"உங்களுக்குப் பயந்துதான் அண்ணி நான் மலை மேலயே ஓடிப்போறேன். அங்கயும் விட மாட்டீங்களா?"

அவள் சிரித்தாள். ஆனால் கணவாய் இருந்த திசையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தொண்ணூற்று மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில், துப்பாக்கிக்குப் பயந்து ஓடிய பக்கத்து வீட்டாரைக் கணவாய் தாண்டிக் கொண்டுபோய் விட அவள் கணவன் பாய்மத் போனான். அவர்கள் பிழைத்தார்கள். அவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்போது ஷோதிக்குப் பதின்மூன்று வயது.

நண்பகலில் மூவரும் கணவாயின் உச்சியை அடைந்தபோது காற்று சட்டென்று நின்றது. கீழிருந்து மேகம் ஏறி வந்து மூடியது. ஐந்து நிமிஷத்தில், பத்தடி தள்ளி நின்ற ஹான்யாவின் சிவப்புச் சட்டைகூடத் தெரியவில்லை. ஷோதி மூவரையும் ஒரே கயிற்றில் பிணைத்தான். ஈரக் கல்லின் வாசனை. அதற்குள்ளே மெல்லிய விறகுப் புகை வாசனை.

அந்த உயரத்தில் எரிக்க ஒரு சுள்ளி கிடையாது.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"இடது பக்கம் வாடா, சளிமூக்கா."

ஆண் குரல்.

அவனை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான்.

இடது பக்கம் மேகம் மெதுவாகப் பிளந்தது. வெயில் பட்ட பச்சைப் புல்சரிவு, மெத்தை மாதிரி. வலது பக்கம் கத்தி முனை போன்ற பாறை விளிம்பு. அதற்கப்பால் வெறும் வெள்ளை. ஹான்யா இடது பக்கம் கைகாட்டி ஏதோ சொன்னாள். கயிறு அந்தப் பக்கம் இழுபட்டது. ஷோதியின் காலும் ஒரு அடி வைத்துவிட்டது.

"ஷோதி, எங்க இருக்க?" இந்த முறை மௌஜூதா.

"அண்ணி... இப்ப ஒரு குரல்... உங்களுக்கும் கேட்டுச்சா?"

இரைச்சலுக்கு நடுவே அவள் பதில் வந்தது.

"கேட்டுச்சு."

மறுபடி அந்தக் குரல். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் சாவகாசமாக.

"மௌஜூ, பால் பொங்குது பாரு."

அவள் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள்.

"அடுப்புல பால் வழியுது, தம்பி. அது அவர்தான்."

"அப்ப இடது பக்கமே போறேன் அண்ணி. அண்ணா வழி காட்டுறாரு. எத்தனை பேரைக் கரை சேத்த மனுஷன்!"

"போகாத!"

"அண்ணி..."

"பத்து மாசம் அவரோட வாழ்ந்தவ சொல்றேன். சந்தைக்குக்கூடத் துணை இல்லாம போக மாட்டாரு. அவருக்குத் தனியா இருக்கத் தெரியாது, தம்பி. நீ வலது பக்கம் போ. என்ன சொன்னாலும் திரும்பாத. அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஷோதி பாறை விளிம்பில் ஏறினான். கயிற்றின் மறுமுனையில் இருவரும் நடுங்கிக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் அவன் மார்பில் தொங்கிய வாக்கி-டாக்கியில் மௌஜூதா பேசிக்கொண்டே இருந்தாள். மாமியார் செத்த கதை, கூரை மாற்றிய கதை, விற்ற பசுமாட்டின் கதை. நடுநடுவே திட்டினாள். "ம்" என்று ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஷோதி ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

கீழே மரங்கள் தெரியத் தொடங்கியபோது அந்தக் குரல் கேட்டது.

"நீயாவது வருவியா?"



"வர மாட்டேன்," என்றாள் மௌஜூதா.

அதோடு இரைச்சலும் நின்றுவிட்டது.

அடுத்த கோடையில், சண்டைக் காலத்தில் புதைத்த கண்ணிவெடிகளை எடுப்பவர்கள் வந்தார்கள். அந்தப் பச்சைச் சரிவின் ஓரத்திலேயே பத்தொன்பது வெடிகள். ஓர் எலும்புகூட இல்லை. தோண்டாத மீதிச் சரிவைச் சுற்றிச் சிவப்புக் கழிகளை நெருக்கமாக நட்டுவிட்டுப் போனார்கள்.

ஷோதி மலையேறிகளோடு மேலே போகும்போதெல்லாம் சில கழிகள் பிடுங்கப்பட்டுப் புல்லில் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு ஆள் நுழையும் அகலத்துக்கு வழி. அவன் பேசாமல் திரும்ப நட்டுவிட்டு நடப்பான். மௌஜூதாவிடம் சொன்னதில்லை.

போன வாரம் அந்த வழி, இரண்டு பேர் கைகோத்து நடக்கும் அகலத்துக்குத் திறந்திருந்தது.