வலைமேல் பன்னிரண்டு பெண்கள்!

“ஐயய்யோ...! கொலை...! கொலை...!”

பாண்டிச்சேரி துய்மா வீதி அப்படியோர் அலறலைக் கேட்டுப் பழகியதில்லை. பகல் பதினொன்றரை மணி. காபிக் கடை வாசலில் செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

மஞ்சள் பூசிய பழைய பிரெஞ்சு வீடு. வாசலில் ‘கரையோரக் கலை அறக்கட்டளை’ என்ற பலகை. ஊர் மக்களோடு சேர்ந்து வேலை செய்யும் கலைஞர்களுக்கு நிதி கொடுக்கும் இடம்.

உள்ளே...

நிதி அதிகாரி ஆதிமூலம் மேஜை ஓரமாகக் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது! பக்கத்தில் ரத்தம் தோய்ந்த வெண்கல விருது. ‘மக்களோடு கலை’ என்று அதில் பொறித்திருந்தது.

எதிரே அலறிக்கொண்டு நின்றாள் ராஜாம்பாள். ஐம்பது வயது. பிள்ளைச்சாவடி மீன்காரி. இடுப்பில் காலிக் கூடை.

பத்தே நிமிடத்தில் ஜீப் வந்தது. கூடையோடு அவளை அள்ளிக்கொண்டு போனது.

*

“போன வாரம் பீச் ரோடு கண்காட்சியில ஆதிமூலத்தைப் பாத்து என்னம்மா சொன்ன?”

இன்ஸ்பெக்டர் தாமரைச்செல்வியின் குரலில் ஈரப்பசையே இல்லை.

“மண்டைய ஒடச்சிடுவேன்னு சொன்னேன்.”

“இன்னைக்கு ஒடஞ்சிருக்கு!”

“சொன்னவங்க எல்லாம் ஒடச்சிருந்தா பாண்டிச்சேரியில பாதிப் பேருக்கு மண்டையே இருக்காது மேடம்!”

ஏட்டு அன்வருதீன் சிரிப்பை இருமலாக மாற்றினார். இன்ஸ்பெக்டர் முறைத்தாள்.

“எதுக்கு அவ்ளோ கோவம்?”

“அவரு நடத்துன கண்காட்சியில பத்தடி ஒசரத்துக்கு என் மூஞ்சியத் தொங்கவிட்டிருந்தாங்க. தூரத்துலேருந்து எனக்கே தெரியாம எடுத்த போட்டோ. பேரு ‘கடலின் மௌன ஓலம்’னாங்க. அது ஓலம் இல்ல மேடம், கொட்டாவி! அந்த ஆர்ட்டிஸ்ட்டு எங்க ஊர்லயே தங்கி, ரெண்டு வருசமா என்கூட சேந்து வேலை செய்றதா எழுதிக் குடுத்திருக்கானாம். அவன் மூஞ்சிய நான் பாத்ததே இல்ல!”

“சரி, இன்னைக்கு எதுக்குப் போன?”

“ஆதிமூலம் சாருதான் போன் பண்ணாரு. பத்து மணி இருக்கும். ‘உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் அந்த ஆர்ட்டிஸ்ட்டுக்கு நிதி குடுக்கணும், வாம்மா’ன்னாரு. மீன வித்துட்டுப் போனேன். போனா... செத்துக் கெடக்கறாரு!”

“உயிர் போனது பத்துலேருந்து பதினொண்ணுக்குள்ளன்னு டாக்டர் சொல்றாரு. அப்ப எங்க இருந்த?”

“மார்க்கெட்ல.”

“சாட்சி?”

“பக்கத்துக் கடை குஞ்சம்மா.”

“உனக்கு என்ன வேணும்?”

“நாத்தனா.”

“வெளங்கிடும்! உன் சொந்தக்காரி உனக்காகப் பொய் சொல்லுவா.”

“நாத்தனாவா? எனக்காகவா? அவ நெசத்தச் சொன்னாலே பெருசு மேடம்!”

ரிமாண்டுக்கான காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ராஜாம்பாளின் வாய்த்துடுக்கு வடிந்தது.

“வெள்ளிக்கிழமை என் பொண்ணு கவிநிலாவுக்கு நிச்சயதார்த்தம். என்னை உள்ள வச்சா மாப்ள வீட்டுக்காரங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. யம்மா... உங்க கால்ல விழறேன்!”

தாமரைச்செல்வி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள்...

“நிறுத்துங்க!”

வாசலில் ஒருவன். கதர் ஜிப்பா. கொண்டை போட்ட முடி. கழுத்தில் சோழி மாலை.

“நான் ஆர்ட்டிஸ்ட் எழிலரசன். ‘கடலின் மௌன ஓலம்’ என்னோடதுதான். அந்த அம்மா நிரபராதி! காலையில ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும் பிள்ளைச்சாவடியில என்கூட இருந்தாங்க. அவங்க ஊர்ப் பெண்களோட ஒர்க்‌ஷாப். இதோ, போட்டோ!”

செல்போனை நீட்டினான். விரித்த வலையின்மேல் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எழிலரசன்.

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது.

“உக்காருங்க சார். ஏம்மா, சாரோட இருந்தேன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? இந்தா, வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு.”

மீன்காரியின் உண்மை செல்லவில்லை. ஜிப்பாக்காரனின் பொய் செல்லுபடியாகிறது! ராஜாம்பாளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு கையெழுத்து... வெள்ளிக்கிழமை பிழைத்துவிடும்.

ராஜாம்பாள் பேனாவை எடுத்தாள். காகிதத்தில் முனையை வைத்தாள்.

எழிலரசன் குனிந்து கிசுகிசுத்தான். “போட்டுடுங்கம்மா. நாமெல்லாம் ஒரே குடும்பம்.”

பேனா நின்றது.

“அந்தப் போட்டோவ இன்னொரு தபா காட்டு.”

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெடித்தாள்.

“மேடம்! இது எங்க ஊருப் பொம்பளைங்களே இல்ல! வலை கெடந்தா நாங்க தாண்டக்கூட மாட்டோம், சுத்திக்கிட்டுதான் போவோம். கடலுக்குப் போற வலை, எங்களுக்குச் சாமி மாதிரி! இவளுங்க வலைமேலயே சம்மணம் போட்டு ஒக்காந்திருக்காளுங்க! அதுவும் காலையில ஒன்பது மணிக்கு எந்த மீன்காரி ஊர்ல இருப்பா? எல்லாரும் மார்க்கெட்ல கத்திக்கிட்டு இருப்போம்!”

அன்வருதீன் எட்டிப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

“மேடம்... மூணாவது பொண்ணு எங்க அக்கா மக ஸமீஹா! லாஸ்பேட்டை காலேஜ்ல படிச்சுது. கல்யாணமாகி துபாய் போயே ஆறு மாசம் ஆவுது!”

எழிலரசன் செல்போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

“பழைய... பழைய போட்டோ மாறி வந்துடுச்சு. ஏம்மா, நீ கையெழுத்துப் போடு! உன்னைக் காப்பாத்தத்தானே வந்தேன்?”

ராஜாம்பாள் காகிதத்தைத் தள்ளிவிட்டாள்.

“ரெண்டு வருசமா என்னைக் கேக்காம என் பேரப் போட்டுக்கிட்ட. இன்னைக்கும் அதுக்குதான் வந்திருக்க! மேடம், எழுதிக்குங்க. நான் இவன்கூட இல்ல. என்னை உள்ள வச்சாலும் பரவால்ல... இவனுக்கு நான் சாட்சி இல்ல!”

இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தாள்.

“அந்த அம்மா உங்ககூட இல்லன்னா நீங்களும் அவங்ககூட இல்லன்னு அர்த்தம். ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும் நீங்க எங்க சார் இருந்தீங்க?”

“என்னையா கேக்கறீங்க? நான் பாரிஸ்ல கண்காட்சி வச்சவன்! இந்த மீன்காரி என்ன சொல்றாளோ அதைக் கேட்டுட்டுதான் அந்த ஆதிமூலம் எனக்கு நிதி குடுப்பானாம்! என் கண்ணு முன்னாடியே இவளுக்குப் போன் போடறான்! என் கலைக்கு இவ சர்டிபிகேட் குடுக்கணு...”

சட்டென்று நிறுத்தினான்.

ரொம்பத் தாமதம்!

“ஆதிமூலம் போன் போட்டது இந்த அம்மாவுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.” தாமரைச்செல்வி நெருங்கினாள். “உங்க கண்ணு முன்னாடின்னா... அந்த ரூம்ல நீங்க இருந்திருக்கீங்க!”

எழிலரசன் வாசலைப் பார்த்தான். பெஞ்சில் சரிந்தான்.

“அவ வந்து வாயைத் தொறந்தா எல்லாம் போச்சுன்னு... கையில கெடச்சதை எடுத்து...”

அன்வருதீன் விலங்கை மாட்டினார்.

“தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிடும்மா.” இன்ஸ்பெக்டரின் குரல் முதல் தடவையாக இறங்கியது. “வெள்ளிக்கிழமை நானும் வர்றேன்.”

“தாராளமா வாங்க மேடம். போட்டோ மட்டும் புடிக்காதீங்க! ஆமா, இவன எந்த ஜெயிலுக்குக் கொண்டு போறீங்க?”

“காலாப்பட்டு.”

“அட, எங்க ஊருக்குப் பக்கத்துலதான்!” ராஜாம்பாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழிலரசனைப் பார்த்தாள். “ரெண்டு வருசமா எங்க பக்கம் தங்கி வேலை செய்றதா எழுதிக் குடுத்தியே... இப்பதான்யா நெசமா வர்ற!”