நல்லகாமன் மச்சானின் ஹேண்டில்

கீழக்குயில்குடியில் ராமதாஸ் சாரின் தோட்டத்து ஷெட்டில் நானும் நல்லகாமன் மச்சானும் போய் இறங்கியபோது காலை வெயிலே மண்டையைப் பிளந்தது. உள்ளே அவருடைய அப்பா ஓட்டிய மாரிஸ் கார் நின்றது. அதற்குக் கீழே, ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கிற பள்ளம் பலகை போட்டு மூடியிருந்தது. ஸ்டார்ட் பண்ணினால் ஷெட் முழுக்க நீலப் புகை. பிஸ்டன் ரிங் நாலு சிலிண்டரிலும் தேய்ந்து, ஆயில் எரிகிற நாற்றம்.

"வெளிய மரத்தடியில தள்ளி வச்சுப் பாருங்களேன். அந்தப் பள்ளத்தை நாங்க மூடியே ரொம்ப நாளாச்சு" என்றார் ராமதாஸ் சார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், புது ரிங் போடுற எடத்துல ஒரு பொட்டுத் தூசி விழுந்தாலும் சிலிண்டர்ல கோடு விழுந்துரும். கதவைச் சாத்திக்கிட்டுத்தான் செய்யணும்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஷெட் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பள்ளத்தை ஏன் மூடினார்கள் என்று நானாவது கேட்டிருக்கலாம்.

பலகைகளை நாங்களே பெயர்த்தோம். உள்ளே பழைய ஆயிலும் ஈரமண்ணும் கலந்த வாடை. சுவரோரம் ஒரு துருப்பிடித்த ஸ்பானர் கிடந்தது. முன்னால் இங்கே வேலை பார்த்த மெக்கானிக் எவனோ விட்டுப் போனது என்று நினைத்தேன்.

மச்சான் என் அக்காவைக் கட்டியவர். அவனியாபுரத்துப் பட்டறைச் சத்தத்தில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் பள்ளத்தில் நின்று இன்ஜினின் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினால், காருக்கு முன்னால் நிற்கிற அவர் இன்ஜினைச் சுழற்றுகிற ஹேண்டிலைச் சுற்றுவார். இரண்டு தட்டினால் நிறுத்துவார். அந்த அதிர்வு ஹேண்டிலைப் பிடித்த கைக்குத் தெரியும். எத்தனையோ வண்டிகளை இப்படித்தான் முடித்திருக்கிறோம், ஒருநாளும் பிசகியதில்லை.

மத்தியானத்துக்குள் மூன்று பிஸ்டனுக்குப் புது ரிங் மாட்டி இறக்கியாயிற்று. நாலாவதையும் மேலிருந்து இறக்கிவிட்டு மச்சான் ஹேண்டிலுக்குப் போனார். அதன் அடிப்பக்கத்தை, ஹேண்டிலைச் சுற்றினால் சுழல்கிற கிராங்க் தண்டோடு சேர்க்க என் வலது கையை இன்ஜினுக்குள் விட்டேன்.

கரண்ட் போனது.

ஹேண்ட் லாம்ப் அணைந்தது. கதவு சாத்தியிருந்ததால் பகலே தெரியவில்லை. கண் பழகட்டும் என்று அப்படியே நின்றேன்.

டக்.

நான் தட்டவில்லை.

கிராங்க் சுழன்றது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் என் விரல்கள் மாட்டின. உயிர் போகிற மாதிரி கத்தினேன். யாருக்குக் கேட்கும்? என் ஸ்பானரைத் துழாவினேன். வைத்த இடத்தில் அது இல்லை.

இடது கையில் எவர்சில்வர் காப்பு இருந்தது. அதை ஓங்கி இரும்பில் அடித்தேன். டக், டக்.

நின்றது.

கையை உருவப் பார்த்தேன், வரவில்லை. அந்த ஹேண்டில் பின்பக்கம் சுற்றாது. முன்னால் சுற்றினால் கை கூழாகிவிடும். வலது கை போனால் மெக்கானிக்குக்கு என்ன இருக்கிறது? என் பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்தது. அழுதேவிட்டேன்.

அப்போது என் தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். ஆயில் நாற்றம் அடித்த மூச்சு.

டக்.

ஹேண்டில் அசைந்தது. நான் அடித்தேன். டக், டக்.

டக்.

டக், டக்.

டக்.

எலும்பு நெரிகிற சத்தம் எனக்கே கேட்டது.

கடைசியில் மச்சானுக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். டார்ச்சோடு பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, மாப்ள!" என்று அலறினார். ஓடிப்போய் டாப் கியரைப் போட்டு, வண்டியைப் பின்னால் தள்ளினார். சக்கரத்தோடு சேர்ந்து கிராங்க் பின்பக்கமாகத் திரும்பியது. கை வந்தது, இரண்டு விரல்கள் இல்லாமல்.

அண்ணா நகரில் ஒரு நர்சிங் ஹோமில் கண் விழித்தேன். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையில் குளுக்கோஸ். காப்பை நர்ஸ் கழற்றி எடுத்துப் போயிருந்தார்.

மச்சான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த மனுசன் முகம் செத்துப் போயிருந்தது.

"ஒரு தட்டுத் தட்டுற, உடனே ரெண்டு தட்டுற. நான் எதைன்னு கேக்குறது மாப்ள?" என்று கண்ணைத் துடைத்தார். "பள்ளத்துல கெடந்த ஒன் சாமான் அம்புட்டையும் பையில அள்ளிட்டு வந்துட்டேன். கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. துருப்பிடிச்ச ஸ்பானர் ஒண்ணு, அது ஒன்னோடதுதான?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கவனிக்கவில்லை. "முதுகு வலிக்குதா? தலைமாட்டைத் தூக்கட்டுமா?" என்று குனிந்து, கட்டிலைத் தூக்க வைத்திருக்கும் ஹேண்டிலைப் பிடித்தார்.

அதே நேரம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை என் இடது மணிக்கட்டைப் பிடித்தது. ஊசி பிய்ந்து வர, தலைமாட்டைத் தூக்குகிற இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் என் விரல்களை இழுத்து அழுத்தியது. பிசுபிசுவென்று ஆயில் கை.

"வேணாம் மச்சான்! சுத்தாதீங்க!" என்று கத்தினேன்.

குனிந்திருந்த அவர் என் வாயைப் பார்க்கவில்லை. ஹேண்டிலில் கையை வைத்துக்கொண்டு, வழக்கம்போலக் காத்திருந்தார்.

டக்.

"சரி மாப்ள" என்றார்.