குதிரைகளுக்குக் கொண்டுபோன தண்ணீர்

பாதை உலர்ந்து கிடந்தது. அதுதான் நாகமுத்துவின் கண்ணில் முதலில் பட்டது.

காவுதடியின் இரண்டு பக்கமும் வாளி நிறையத் தண்ணீர் கொழுவிக்கொண்டு நடக்கிறவன் எவ்வளவு நிதானக்காரனாக இருந்தாலும் வழியில் சிந்தாமல் போகமாட்டான். நெடுந்தீவின் வெள்ளைப் புழுதியில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறுத்த பொட்டாகத் தெரியும். அவளுடைய புருஷன் மார்க்கண்டு சற்று முன்னர்தான் தண்ணீர் அள்ளிக்கொண்டு படலைப்பக்கம் போயிருந்தான், மேற்கே பட்டியில் அடைத்து வைத்த குதிரைகளுக்கு வைப்பதற்கு. கிணற்றடியிலிருந்து தோட்டத்துப் படலை வரைக்கும் பொட்டுகள் இருந்தன. படலைக்கு வெளியே, பட்டிக்குப் போகிற பாதையில், ஒன்றுகூட இல்லை.

வெயிலில் காய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உச்சிப்பொழுது. சோளகக் காற்று கடலிலிருந்து உப்பையும் தெற்கு வெட்டவெளியிலிருந்து சூட்டையும் அள்ளிவந்து, முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளின் ஓட்டைகளுக்குள்ளால் ஊதிக்கொண்டிருந்தது. ஆனால் படலைக்கு உள்ளே காயாத தண்ணீர் வெளியே மட்டும் எப்படிக் காயும்? குனிந்து பார்த்தாள். பொட்டுகள் படலையடியில் திரும்பி, மரவள்ளிக்குப் பின்னால் வேலியோரமாக ஊர்ந்து, குரக்கன் பாத்தியின் கடைசி மூலைக்குப் போயிருந்தன.

அங்கே மண் நனைந்து குளிர்ந்து கிடந்தது. வெறும் வாளிகள் வரப்பில் கவிழ்ந்து கிடந்தன. மார்க்கண்டு வேலி நிழலில் காலை நீட்டிக்கொண்டு சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தான், பட்டிக்குப் போய் வர எடுக்கிற நேரத்தைக் கழிப்பதற்காக.

அவள் ஒரு வாளியைக் காலால் எத்திவிட்டாள்.

அரிசிக்கும் பாணுக்கும் நாடே வரிசையில் நின்ற எழுபத்துமூன்றாம் வருடம் அது. தோட்டத்தில் விளைந்தால்தான் அடுப்பு எரியும். போன வருடம் அந்தக் குரக்கனை, கதிர் முற்றுகிற நேரம் பார்த்து, கட்டாக்காலிக் குதிரைகள் வேலியைச் சரித்துக்கொண்டு வந்து மொட்டையடித்துவிட்டன. ஒல்லாந்தர் விட்டுப்போன இனம். கேட்க ஆளில்லை, கட்ட ஆளில்லை. சுடவேண்டும் என்றார்கள் சிலர். நஞ்சு வைக்கவேண்டும் என்றார்கள் வேறு சிலர். ஊர் விதானையார் ஐயாத்துரை இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. கடைசியில் மார்க்கண்டுதான் பிள்ளையார் கோயில் முன்றிலில் எழும்பி நின்று, ஊர் கேட்கச் சொன்னான்: கிளிநொச்சிக்குக் குடிபெயர்ந்த பரமலிங்கத்தின் காணி ஆளுயரக் கல்வேலியோடு புல் மண்டிச் சும்மா கிடக்கிறது, மந்தையை அதற்குள் அடைப்போம், அறுவடை வரைக்கும் நான் நாள் தவறாமல் தண்ணீர் வைக்கிறேன். பாவமும் இல்லை, பசியும் இல்லை. ஊர் தலையாட்டியது. நாகமுத்துவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடைத்த அன்று மந்தைக்கு முன்னால் நடந்தவளும் அவள்தான். தோட்டத்து வேலிக்கு வெளியே இருந்த கல்தொட்டியில் கோடைகாலத்தில் அதுகளுக்கு ஒரு வாளி ஊற்றுவது அவளுடைய வழக்கம். அந்த நம்பிக்கையில் ஆணும் பெண்ணும் குட்டியுமாக அவள் பின்னால் வந்து பட்டிக்குள் நுழைந்தன. அவள் வெளியே வந்தவுடன் மார்க்கண்டு வாசலைக் கல்லடுக்கி மூடினான். முதல் சில நாட்கள் காற்றோடு கனைப்பு வந்தது. பிறகு வரவில்லை. "பழகிட்டுதுகள்," என்றான். அவளும் நம்பினாள்.

"எத்தினை நாளாத் தண்ணி வைக்கேல்லை?" என்று கேட்டாள்.

அவன் சுருட்டை மண்ணில் தேய்த்து அணைத்தான். "கிணத்தை எட்டிப் பாரும். ஊத்து அடங்கிப்போச்சு. குதிரைக்கு வைச்சால் குரக்கனுக்கு இல்லை. குரக்கனுக்கு இறைச்சால் குதிரைக்கு இல்லை. என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?"

"திறந்து விட்டிருக்கலாமே!"

"திறந்து விட்டால் அண்டைக்கே கதிரெல்லாம் முடிஞ்சிருக்கும். போன வரியம் பிள்ளையள் வெறும் மரவள்ளிக் கிழங்கைத் திண்டு கால் வீங்கிக் கிடந்ததுகள், மறந்துபோனீரோ?"

மறக்கவில்லை. மறக்கக்கூடிய காரியமா அது? குதிரைகளைக் கொல்லத்தான் வேண்டும், வேறு வழியில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அழுதுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பாள். பிள்ளைகளின் பசிதான் பெரிது. ஆனால் இவன் ஒவ்வொரு நாளும் காவுதடியைத் தோளில் வைத்து, ஊரின் கண்ணுக்கு முன்னால் புண்ணியம் செய்கிறவனைப்போல நடந்திருக்கிறான். வேர்வையைத் துடைத்துத் துடைத்து வந்து அவளிடம் சோறு வாங்கித் தின்றிருக்கிறான்.

"நான் ஒண்டையும் சுடேல்லை," என்றான் மார்க்கண்டு. "நஞ்சு வைக்கேல்லை. ஒரு கல்லுக்கூட எறியேல்லை."

"ஓம், எறியேல்லை. கையிலை இரத்தம் படாமல் கொல்லுறதுக்கு உங்களைப்போலக் கெட்டிக்காரன் இந்தத் தீவிலை இல்லை. கொல்லுறதெண்டால் நாலு பேர் பாக்க வெட்டிக் கொல்லுங்கோ! வளக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு சாகவிடாதேங்கோ! இப்ப போய்த் திறவுங்கோ. இல்லாட்டி நான் விதானையாரிட்டைப் போறன்."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கல் பெயர்க்கிற அலவாங்கை எடுத்தான்.

"சரி. திறந்து விடுறன்," என்றான். "இருந்தால்."

அந்தக் கடைசிச் சொல் அவள் காதுக்குள்ளேயே நின்றது.

அவன் போனபிறகு கிணற்றடியில் வந்து குந்தினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அயலில் ஆளரவம் இல்லை. பட்டிப்பக்கமிருந்து அலவாங்கு கல்லில் விழும் சத்தம் கேட்டது. ணங். ணங். கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒன்றிரண்டாவது உயிரோடு இருக்கும், இங்கே கொண்டுவந்து தண்ணீர் காட்டலாம், குரக்கனைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று யோசித்தாள். ணங். பிறகு ஒன்றுமில்லை. கல் சரிந்து விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

வேறொன்று வந்தது.

சொரக். சொரக். பசு கன்றை நக்கும்போது கேட்கிற சத்தம். மெதுவாக, விட்டு விட்டு, அலுக்காமல். பட்டிப்பக்கமிருந்து வருகிறது என்றுதான் முதலில் எண்ணினாள். காற்று மாறியபோது தெரிந்தது, அது தோட்டத்து வேலியிலிருந்தே வந்தது, வேலியின் மறுபக்கத்திலிருந்து. கூடவே ஒரு வாடை. குதிரை வேர்வையும் மூத்திரமும் கலந்த பழகிய வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, இனித்துக் குமட்டுகிற ஒன்று.

நண்பகல் வெளிச்சம் முருகைக்கற்களின் இடைவெளிகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இடைவெளி இருண்டது. அது மறுபடி வெளுத்தது. பக்கத்தில் இருந்தது இருண்டது. பிறகு அதற்கடுத்தது. வேலிக்கு அப்பால் ஏதோ ஒன்று ஒட்டி உரசிக்கொண்டு போனது. அதன் பின்னால் இன்னொன்று. பின்னால் சிறியது ஒன்று, கீழ் ஓட்டைகளை மட்டும் மறைத்துக்கொண்டு.

படலையைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். வெறும் பாதை. வெறும் வெயில். புழுதியில் மார்க்கண்டுவின் காலடி மட்டும் மேற்கே போயிருந்தது. குளம்படி ஒன்றுமில்லை.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினாள்.

திரும்பி வந்து துலாவை இறக்கினாள். வாளி அடித்தளத்தில் கரகரவென்று உராய்ந்து, கலங்கலாகக் கொஞ்சம் கொண்டுவந்தது. இரண்டு தரம், மூன்று தரம் இறக்கி ஒரு வாளியை நிரப்பினாள். அவ்வளவுதான் கிணற்றில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தாள். நடக்க நடக்கச் சொரக் சொரக் என்ற சத்தம் கூடவே வந்தது, இடப்பக்க வேலியில், வலப்பக்க வேலியில். அவள் தலையைத் திருப்பவில்லை.

பட்டி.

வேலி அவள் தலைக்கு மேல் நின்றது. அடைத்த வாசல் அடைத்தபடியே. ஒரு கல்லும் அசையவில்லை. அலவாங்கு நிலத்தில் கிடந்தது. அவனுடைய சால்வை பக்கத்தில்.

"இஞ்சாருங்கோ... எங்கை நிக்கிறியள்?"

"நாகமுத்து."

உள்ளேயிருந்து வந்தது. அவன் குரல்தான். ஆனால் காய்ந்த ஓலை இழுபடுவதுபோல இருந்தது.

"எப்பிடி உள்ளுக்குப் போனனீங்கள்? வாசல் அடைச்சபடி கிடக்கு!"

"எத்தினை நாளாக் கூப்பிடுறன்," என்றான் அவன். "ஏன் நீர் தண்ணி கொண்டு வரேல்லை?"

"என்ன விசர்க்கதை! இப்பதானே வந்தனீங்கள். அலவாங்கை எடுத்துக்கொண்டு இப்பதானே..."

"எத்தினை நாளாக் கூப்பிடுறன்."

வாளியை வைத்துவிட்டு வாசல் கற்களைப் பிடுங்கினாள். ஒரு கல் வந்தது. அதற்குப் பின்னால் கல். அதையும் பிடுங்கினாள். பின்னால் கல். நகம் பிய்ந்தது. கல் வெள்ளையில் அவளுடைய இரத்தம் பட்டது. ஒற்றை வரிசையாக அடைத்த வாசல் அது. அவள் கண்ணால் பார்த்தது. பின்னால் இன்னும் கல்.

"குதிரையள் எங்கை?" என்று கேட்டாள்.

"ஏலாது, நாகமுத்து," என்றான். "நா வறளுது. ஏலாது."

என்ன செய்தாலும் அவன் அவளுடைய புருஷன். பிள்ளைகளின் தகப்பன். "ஓட்டையிலை வாயை வையுங்கோ," என்று அழுதாள். "நான் ஊத்திறன். வாயை வையுங்கோ."

அவள் முகத்துக்கு நேரே ஒரு இடைவெளி இருண்டது. அதற்குள்ளிருந்து ஒரு நாக்கு வெளியே வந்தது. கறுத்து, வெடித்து, கல்லில் தேய்ந்து தோலுரிந்த நாக்கு. கையில் தண்ணீரை ஏந்தி அதன்மேல் விட்டாள். அது குடித்தது. அவள் உள்ளங்கையை நக்கியது. இன்னும் விட்டாள். வாளியில் பாதி முடிந்தது. "குடியுங்கோ," என்றாள். "குடியுங்கோ, நான் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"எனக்கு இன்னும் தண்ணி வரேல்லையே," என்றான் மார்க்கண்டு.

குரல் பட்டியின் அடுத்த மூலையிலிருந்து வந்தது.

நாக்கு அவள் கையில்தான் இருந்தது. சூடில்லை. நீளம். அவளுடைய விரல்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் தேடியது.

கையை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வேலியில் வெளிச்சம் ஒவ்வொரு ஓட்டையாக அணைந்தது. மேலே. கீழே. குட்டியின் உயரத்தில். அந்த மூலை வரைக்கும்.

"நாகமுத்து," என்று அவன் கூப்பிட்டான். இப்போது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. "என்னை விட்டிட்டுப் போகாதேயும்."

அரைவாளித் தண்ணீரோடு அவள் நின்றாள். வேலி முழுவதும், ஒவ்வொரு ஓட்டையிலும், ஒரு கறுத்த நாக்கு வெளியே நீண்டு காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. அதில் எது மார்க்கண்டுவினுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.